வாய் திறக்க அஞ்சிய காந்தியடிகள் தன்னம்பிக்கை பெற்ற வரலாறு

(ஆலய பரிபாலன சபை உறுப்பினர், ஓய்வுபெற்ற அரசாங்க எழுதுவினைஞர்)

எல்லாம் வல்ல விநாயகப் பெருமானின் திருவடிகளை மனத்திருத்தி இக்கட்டுரையை எழுத முற்படுகின்றேன். வழக்கமாக எமது ஆலய மலருக்கு நான் எழுதிக் கொடுப்பது வரவு செலவு அறிக்கை ஒன்றுதான். இவ்வருடம் ஒரு பெரியாரின் வாழ்க்கையை எழுத வேண்டும் என்ற எண்ணம் உண்டானதற்கு ஒரு காரணம் இருக்கின்றது.

சென்ற வருடம் நவராத்திரி விழாவின்போது எமது அறநெறிப் பாடசாலைப் பிள்ளை ஒன்று பேசுவதற்காக மேடை ஏறியது. வீட்டில் தாயாருக்கு முன்னால் பலமுறை தடங்கலின்றிச் சொல்லிப் பார்த்த பேச்சு. ஆனால் ஒலிவாங்கிக்கு முன் நின்றதும் ஒரு சொல்லேனும் வாயில் வரவில்லை. முன்வரிசையில் இருந்த சிலர் சிரித்தும் விட்டனர். பிள்ளை அழுதுகொண்டு இறங்கி ஓடிவிட்டது. அதன் பின்னர் அப்பிள்ளை வெள்ளிக்கிழமைப் பூசைக்கும் வருவதில்லை, ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கும் வருவதில்லை. தம் மகளுக்குத் தன்னம்பிக்கை இல்லையே, என்ன செய்யலாம் என்று தாயார் கோவில் வீதியில் வைத்து என்னிடம் கேட்டபோது, எனக்கு உடனே மறுமொழி சொல்லத் தெரியவில்லை.

நானும் அப்படிப்பட்ட ஒருவன்தான். அரசாங்க சேவையில் சேர்ந்த புதிதில் கோவையை எடுத்துக்கொண்டு மேலதிகாரியின் அறைக்குள் செல்வேன். அவர் கேட்கும் கேள்விக்கு விடை தெரிந்திருந்தும் வாய் திறவாமல் நிற்பேன். அந்நாட்களில் எமது ஊர் வாசிகசாலையில் இரவல் எடுத்து நான் வாசித்த நூல் காந்தியடிகளின் சத்திய சோதனை. உலகமே வியந்த அந்த மகான், என்னை விடவும் அந்தப் பிள்ளையை விடவும் பல மடங்கு கூச்சம் உடையவராக இருந்தார் என்பதை அறிந்தபோது எனக்கு உண்டான ஆறுதலை எழுத்தில் சொல்ல முடியாது. தாயார் கேட்ட கேள்விக்கு அவருடைய வாழ்க்கையே மறுமொழி என்று பின்னர் தோன்றியது. அதனையே இங்கே எழுதுகின்றேன்.

பயந்த பிள்ளை

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி 1869ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 2ஆம் திகதி, இந்தியாவின் மேற்குக் கரையிலுள்ள போர்பந்தர் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் கரம்சந்த் காந்தி அச்சமஸ்தானத்தின் திவானாக இருந்தவர். தாயார் புத்லிபாய் விரதங்களைத் தவறாது அனுட்டிக்கும் பக்தை. மாரிகாலத்து விரத நாட்களில் சூரியனைக் கண்ட பின்னரே உணவு கொள்வார். பிள்ளைகள் முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்திருப்பார்கள். சூரியன் தெரிந்ததும் ஓடிப்போய்த் தாயாரிடம் சொல்வார்கள். அவர் வெளியே வருவதற்குள் சூரியன் மறைந்துவிடும். தாயார் சிறிதும் முகம் வாடாமல் உள்ளே போய் வேலையைப் பார்ப்பார். சொன்ன சொல்லைக் காப்பது என்றால் என்ன என்பதை மோகன்தாஸ் முதலில் கற்றது அந்த முற்றத்திலேதான்.

ஆனால் பிள்ளையோ மிகவும் பயந்த சுபாவம் உள்ளது. பாடசாலை மணி அடிக்கும் நேரத்துக்குச் சரியாகப் போவார். விட்டதும் யாரும் பேச்சுக் கொடுத்துக் கேலி செய்துவிடுவார்களோ என்று அஞ்சி ஓட்டமாக வீட்டுக்கு வந்துவிடுவார். கள்வர், பேய், பாம்பு என்று எல்லாவற்றுக்கும் பயம். விளக்கில்லாத அறையில் படுக்க மாட்டார். பதின்மூன்றாவது வயதிலேயே அக்கால வழக்கப்படி கஸ்தூரிபாயுடன் திருமணம் நடந்தது. மனைவி இருட்டில் எங்கும் அச்சமின்றிப் போய்வருவார், தாமோ விளக்கின்றிப் படுக்க முடியாதவர் என்பது அவருக்குப் பெரிய வெட்கமாக இருந்தது.

அவ்வீட்டில் ரம்பா என்று ஒரு பணிப்பெண் இருந்தார். பேய்ப் பயத்துக்கு மருந்து இராம நாமத்தைச் சொல்வதுதான் என்று அவர் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தார். மருந்தில் இருந்த நம்பிக்கையிலும் பார்க்க ரம்பாவில் இருந்த நம்பிக்கையினாலேயே பிள்ளை அதனைச் சொல்லத் தொடங்கியது. எழுதப் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் பலர் இருந்த வீட்டில், ஒரு பணிப்பெண் விதைத்த விதை அவருடைய வாழ்நாள் முழுவதும் நிழல் தந்தது.

இச்சமயத்தில் இரண்டு சம்பவங்கள் நடந்தன. பாடசாலையைப் பார்வையிட வந்த பரிசோதகர் ஐந்து ஆங்கிலச் சொற்களை எழுதச் சொன்னார். கேத்தல் என்ற பொருள்படும் சொல்லை மோகன்தாஸ் பிழையாக எழுதிவிட்டார். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதும்படி ஆசிரியர் காலால் தட்டிச் சாடை காட்டினார். பார்த்து எழுத அவருக்கு மனம் வரவில்லை. மற்றப் பிள்ளைகள் எல்லோரும் சரியாக எழுதியிருக்க இவர் ஒருவரே மடையர் என்று பெயர் எடுத்தார்.

மற்றையது பதினைந்து வயதில் நடந்தது. தமையனாருக்கு இருந்த இருபத்தைந்து ரூபா அளவிலான கடனைத் தீர்ப்பதற்காக, தமையனாருடைய கைக்காப்பிலிருந்து சிறிது பொன்னை வெட்டி எடுத்தார். கடன் தீர்ந்தது, மனம் ஆறவில்லை. நோயுற்றுப் படுக்கையில் இருந்த தந்தையாரிடம் வாயால் சொல்லத் துணிவில்லை. ஆகவே குற்றத்தை ஒப்புக்கொண்டு, தண்டனையும் கேட்டு, இனிக் களவெடுப்பதில்லை என்று உறுதி கூறிக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு எதிரே இருந்தார். தந்தையார் எழுந்திருந்து வாசித்தார். கண்ணீர் வடிந்து கடிதம் நனைந்தது. ஒன்றும் பேசாமல் அதனைக் கிழித்துவிட்டுப் படுத்துக்கொண்டார். தந்தையார் அடித்திருந்தால் அந்தப் பிள்ளை இன்னும் பயந்த பிள்ளையாகப் போயிருக்கும். உண்மையைச் சொன்னால் உலகம் இடிந்து விழாது என்பதை அன்று அது கண்டுகொண்டது.

வெளிப்பூச்சும் கணக்குப் புத்தகமும்

1885இல் தந்தையார் காலமானார். 1887இல் மெற்றிக்குலேசன் பரீட்சையில் சித்தியடைந்த மோகன்தாஸ், பவநகரில் கல்லூரிக்குச் சென்று பாடங்கள் விளங்காமல் ஒரு தவணையுடன் வீடு திரும்பினார். குடும்ப நண்பர் ஒருவரின் யோசனைப்படி, சட்டம் படித்துப் பரிஸ்டராக இங்கிலாந்து செல்வதென்று முடிவாயிற்று. மது, மாது, மாமிசம் மூன்றையும் தொடுவதில்லை என்று தாயாருக்குச் சத்தியம் செய்து கொடுத்தார். கடல் கடந்து போனால் சாதியை விட்டு விலக்குவோம் என்று சாதித் தலைவர்கள் சொன்னபோதும் அவர் பின்வாங்கவில்லை. அத்துணை உறுதி இருந்தும், படித்த பாடசாலையார் வழியனுப்பியபோது நன்றி சொல்ல எழுதி வைத்திருந்த சில வரிகளை வாசிக்க முடியாமல் தலை சுற்றி உடல் நடுங்கி நின்றார்.

04.09.1888 அன்று பம்பாயில் கப்பல் ஏறினார். ஆங்கிலத்தில் பேசக் கூச்சம். எந்த உணவில் மாமிசம் இருக்கின்றது என்று பரிமாறுபவரைக் கேட்பதற்கும் கூச்சம். ஆதலால் சாப்பாட்டு மேசைக்கே போகாமல், வீட்டிலிருந்து கொண்டுவந்த இனிப்புகளையும் பழங்களையும் அறைக்குள் இருந்து உண்டு காலம் கழித்தார்.

லண்டனில் அவர் செய்த முதல் வேலை, இன்றைய இளைஞர் பலர் செய்வதுதான். வெளித்தோற்றம் மாறினால் உள்ளே துணிவு வந்துவிடும் என்று எண்ணினார். பத்துப் பவுண் செலவில் நாகரிகமான உடுப்புத் தைத்தார். பத்தொன்பது சிலிங்குக்கு உயரமான தொப்பி வாங்கினார். தமையனாருக்கு எழுதிப் பொன் மணிக்கூட்டுச் சங்கிலி தருவித்தார். நிலைக்கண்ணாடியின் முன் நின்று கழுத்துப்பட்டி கட்டவும் தலைவாரவும் நாளும் நேரம் செலவிட்டார். நடனம் பழக மூன்று பவுண் கட்டினார். தாளத்துக்குக் கால் வரவில்லை. தாளம் பிடிபட வேண்டுமென்று வயலின் வாங்கினார், அதுவும் வரவில்லை. மேடைப் பேச்சுப் பழக்க ஓர் ஆசிரியரையும் அமர்த்தினார். ஏறக்குறைய மூன்று மாதங்களில், தாம் படிக்க வந்த மாணவர் என்பது நினைவுக்கு வந்தது. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வயலினையும் விற்றார்.

அதன் பின்னர் அவர் செய்த காரியம் பார்ப்பதற்கு மிகச் சிறியது. ஒரு கணக்குப் புத்தகம் எழுதத் தொடங்கினார். பஸ் கூலி, தபால் முத்திரை, பத்திரிகை என்று ஒரு சதமும் விடாமல் எழுதுவார். இரவு படுக்கைக்குப் போவதற்கு முன் கணக்கை முடித்து மிச்சம் பார்ப்பார். செலவு கூடுதல் என்று கண்டதும் குடும்பத்தாருடன் தங்குவதை விட்டு அறை எடுத்தார். பின்னர் ஒரே அறையில் இருந்து காலையிலும் இரவிலும் தாமே சமைத்து உண்டார். வண்டியில் போவதை விட்டு நாளொன்றுக்கு எட்டுப் பத்து மைல் நடந்தார். உடம்பும் உறுதிப்பட்டது. பிற்காலத்தில் இலட்சக்கணக்கான பொதுப்பணம் அவர் கையில் புழங்கியபோது, கடன் வராமல் மிச்சம் வைக்க முடிந்ததற்கு இந்தப் பழக்கமே காரணம் என்று அவரே எழுதி வைத்துள்ளார்.

என் சேவைக்காலம் முழுவதும் கணக்குப் புத்தகங்களுடன் கழிந்தபடியால் இதனைச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகின்றேன். இரவில் கணக்கு நேராக வரும்போது மனத்தில் ஒரு நிம்மதி உண்டாகும். இன்று செய்வதாகச் சொன்னதைச் செய்து முடித்தேன் என்ற நிம்மதி அது. இன்னொருவர் புகழ்ந்து அது வருவதில்லை, இன்னொருவர் சிரித்து அது போவதுமில்லை. உடுப்பினால் வந்த துணிவு மூன்று மாதத்தில் போயிற்று. தாயாருக்குக் கொடுத்த வாக்கையும் தமக்குத் தாமே இட்ட ஒழுங்கையும் நாள்தோறும் காத்ததனால் வந்தது மெல்ல மெல்ல உள்ளே சேர்ந்தது.

சேர்ந்தது என்றாலும் உடனே வெளியே தெரியவில்லை. லண்டன் மரக்கறி உணவாளர் சங்கத்தின் செயற்குழுவில் உறுப்பினராக இருந்தபோது, கருத்து வேறுபாட்டுக்காக ஓர் உறுப்பினரை நீக்க முயன்றனர். அது முறையல்ல என்று இவருக்குத் தோன்றியது. கருத்தை எழுதிக்கொண்டு போனார், எழுந்து வாசிக்க முடியவில்லை. தலைவர் அதனை இன்னொருவரைக் கொண்டு வாசிப்பித்தார். இவருடைய பக்கம் தோற்றது. ஊர் திரும்பு முன் நண்பர்களுக்கு விருந்து கொடுத்தார். அதிலே நகைச்சுவையாகப் பேச ஒரு பேச்சைத் தயாரித்திருந்தார். முதல் வசனத்துக்கு மேல் போகாமல் நன்றி கூறி அமர்ந்துவிட்டார்.

நீதிமன்றில் நேர்ந்த வெட்கம்

1891ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் திகதி பரிஸ்டராகி, இரண்டாம் நாளே கப்பல் ஏறினார். தாயார் காலமான செய்தி ஊர் வந்து சேர்ந்த பின்னரே அவருக்குச் சொல்லப்பட்டது. அத்துயரத்துடன் பம்பாய் சென்று தொழில் தொடங்கினார். முதலாவது வழக்கு மாமிபாய் என்ற பெண்மணியுடையது. கட்டணம் முப்பது ரூபா. சிறு வழக்கு நீதிமன்றில் எதிர்த்தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார். தலை சுற்றியது. நீதிமன்றமே சுழல்வது போல இருந்தது. கேட்க ஒரு கேள்வியும் நினைவுக்கு வரவில்லை. உட்கார்ந்துவிட்டார். வேறொரு சட்டத்தரணியை அமர்த்திக்கொள்ளும்படி கூறிக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெட்கத்துடன் வெளியேறினார். தென்னாபிரிக்கா போகும்வரை அவர் நீதிமன்றில் வழக்குப் பேச மறுபடி எழுந்து நிற்கவில்லை.

எமது பிள்ளை மேடையிலிருந்து இறங்கி ஓடியதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அந்தப் பிள்ளைக்குப் பேச்சு மட்டுமே போயிற்று. இவருக்கோ பிழைப்பே போயிற்று. தமையனார் பெருந்தொகை செலவிட்டுப் படிப்பித்த பரிஸ்டர் அவர்.

அச்சமயத்தில் நிலம் பறிபோன ஓர் ஏழை முஸ்லிம், மனு எழுதித் தரும்படி வந்தார். அச்சுச் செலவை மாத்திரம் அவரே ஏற்பது என்ற பேச்சில் காந்தி அதனை எழுதிக் கொடுத்தார். நன்றாக இருக்கின்றது என்று நண்பர்கள் சொன்னார்கள். பேச வராவிட்டாலும் எழுத வரும் என்ற சிறு நம்பிக்கை அதனால் ஏற்பட்டது. பாடசாலை ஒன்றில் எழுபத்தைந்து ரூபாச் சம்பளத்தில் ஆசிரியராகச் சேர முயன்றும், பட்டதாரி அல்லர் என்று சொல்லி எடுக்கவில்லை. ராஜ்கோட் திரும்பி மனுக்கள் எழுதி மாதம் முந்நூறு ரூபா அளவில் உழைத்தார். வராத வேலையை நினைத்து அழுதுகொண்டிராமல், வந்த வேலையைப் பிடித்துக்கொண்டார் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

தென்னாபிரிக்காவில் கண்ட மாற்றம்

1893இல் தாதா அப்துல்லா கம்பனியாரின் வழக்கு ஒன்றுக்கு உதவியாக ஒரு வருட உடன்படிக்கையில், நூற்றைந்து பவுண் சம்பளத்துக்குத் தென்னாபிரிக்கா சென்றார். 07.06.1893 அன்று இரவு முதலாம் வகுப்பு ரிக்கற்றுடன் பிரயாணம் செய்தவரை, நிறத்தைக் காரணங்காட்டி பீற்றர்மரிட்ஸ்பர்க் புகையிரத நிலையத்தில் இறக்கிவிட்டனர். கடுங்குளிர். மேலங்கி நிலைய அதிகாரியிடம் இருந்த பெட்டிக்குள் இருந்தது. கேட்டால் மறுபடியும் அவமதிப்பார்களோ என்று அஞ்சிக் கேட்காமல் குளிரில் நடுங்கியபடி இருந்தார். ஊருக்குத் திரும்புவதா, நிற்பதா என்று இரவெல்லாம் யோசித்தார். ஒப்புக்கொண்ட வேலையை முடிக்காமல் ஓடுவது கோழைத்தனம் என்று தீர்மானித்து அடுத்த வண்டியில் மேலே சென்றார். பலரும் எண்ணுவது போல அன்றிரவு அவருடைய அச்சமெல்லாம் பறந்துவிடவில்லை. தம் மேலங்கியைக் கேட்டு வாங்கவே அஞ்சியவர்தான் அந்தத் தீர்மானத்தை எடுத்தார். அச்சம் இருக்கும்போதே அடுத்த அடியை வைத்தார், அவ்வளவுதான். வழியில் கோச்சு வண்டியில் காலடியில் உட்கார மறுத்ததற்காக அடியும் வாங்கினார். பிடித்த கம்பியை விடவில்லை.

பிரிட்டோரியா நகரை அடைந்த சில நாட்களில் அங்கிருந்த இந்தியர்களைக் கூட்டி அவர்களுடைய நிலைமை பற்றிப் பேசினார். அதுவே தம் வாழ்க்கையின் முதற் பேச்சு என்று அவர் எழுதியுள்ளார். வியாபாரத்தில் உண்மை வேண்டும், சுற்றாடல் சுத்தமாக இருக்க வேண்டும், சாதி மத வேறுபாடு மறந்து ஒன்றாக வேண்டும் என்பனவே பொருள். பம்பாயில் முப்பது ரூபாவுக்கு ஒரு கேள்வி கேட்க முடியாதவர் இங்கே எப்படிப் பேசினார்? பம்பாயில் தாம் எப்படித் தோன்றுவோம் என்பதே மனத்தில் நின்றது. பிரிட்டோரியாவில் எதிரில் இருந்தவர்களின் கஷ்டம் மனத்தில் நின்றது. தம்மை மறந்தபோது கூச்சத்துக்கும் இடம் இல்லாமற் போயிற்று என்பதே அடியேனுடைய விளக்கம். கூட்டத்தோடு நின்றுவிடாமல், ஆங்கிலம் கற்க விரும்பியவர்களுக்குத் தாமே கற்பிக்க முன்வந்தார். வந்தவர்கள் மூவர். ஒருவர் முடி திருத்துபவர், ஒருவர் எழுதுவினைஞர், ஒருவர் சிறு கடைக்காரர். அவர்களுக்கு நேரம் இல்லை என்றபடியால் அவர்களுடைய இடத்துக்கே போய்ச் சொல்லிக் கொடுத்தார்.

வந்த வழக்கோ முழுவதும் கணக்கு வழக்கு. அவருக்குக் கணக்குப் பதிவியல் தெரியாது. தெரிந்தவர் போல நடிக்காமல், நூல் ஒன்றை வாங்கிப் படித்து விளங்கிக்கொண்டார். அதனால் நம்பிக்கை வந்தது. இரு பகுதியாரும் உறவினர் என்பதால் நீதிமன்றில் இழுபடாமல் மத்தியஸ்தத்துக்கு இணங்கச் செய்தார். தோற்றவர் கட்ட வேண்டிய முப்பத்தேழாயிரம் பவுணைத் தவணை முறையில் கட்டவும் வழி செய்து இரு பகுதியாரையும் மனம் நோகாமல் காத்தார்.

சிறு காரியங்களிலும் இப்படித்தான். பிரிட்டோரியாவில் ஒரு வெள்ளையர் இவருக்கு முடி வெட்ட மறுத்தபோது, கருவி வாங்கித் தாமே வெட்டிக்கொண்டார். பின்பக்கம் அலங்கோலமாயிற்று. எலி கடித்ததோ என்று நீதிமன்றில் நண்பர்கள் சிரித்தனர். இன்னொரு முறை கழுத்துப்பட்டியைத் தாமே தோய்த்துக் கஞ்சி போட்டு மினுக்கினார். கஞ்சி கூடி நீதிமன்றில் உதிர்ந்தது. அதற்கும் சிரித்தனர். இவர் ஆத்திரப்படவில்லை, வேலையை விடவுமில்லை. பழகப் பழக நன்றாக வந்தது. சிறுவயதில் யாரும் சிரித்துவிடுவார்களோ என்று ஓடிய அதே மனிதர், இப்போது பிறர் சிரிக்கும்போது தாமும் நின்று காரணம் சொல்லக் கூடியவரானார்.

நேற்றாலில் சட்டத்தரணியாகத் தொழில் தொடங்கிய சில மாதங்களில், பாலசுந்தரம் என்ற தமிழ்த் தொழிலாளி, எசமானால் அடிக்கப்பட்டு முன்பற்கள் உடைந்து, தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி அழுதுகொண்டு வந்தார். வெள்ளையர் முன் தலைப்பாகையை எடுத்துவிட வேண்டும் என்று பழகியவர், இவர் முன்னும் அப்படியே நின்றார். தலைப்பாகையைக் கட்டிக்கொள்ளும்படி காந்தி முதலில் சொன்னார். பின்னர் வைத்தியரிடம் அனுப்பி, நீதவானிடம் முறையிட்டு, வேறொரு எசமானிடம் மாற்றுவித்தார். தாம் தலை நிமிர்ந்ததுடன் அமையாமல் இன்னொருவரின் தலையையும் நிமிரச் செய்வதே உண்மையான தன்னம்பிக்கைக்கு அடையாளம். 1913, 1914 காலப் போராட்டத்தில் தென்னாபிரிக்கத் தமிழ் மக்கள் பெருந்தொகையாகச் சிறை சென்றதும், தில்லையாடி வள்ளியம்மை என்ற இளம்பெண் சிறையில் நோயுற்று உயிர் நீத்ததும் இங்கிருந்து வளர்ந்த வரலாறே.

பிழையை ஒப்புக்கொள்ளும் துணிவு

1897 ஜனவரி 13ஆம் திகதி டர்பன் நகரில் ஒரு கூட்டம் அவரைக் கல்லாலும் கையாலும் அடித்தது. பொலிஸ் அத்தியட்சரின் மனைவியார் தம் குடையை விரித்து நடுவில் நின்று காப்பாற்றினார். அடித்தவர்கள் மீது வழக்குத் தொடுக்கலாம் என்று அரசாங்கம் சொன்னபோது காந்தி மறுத்துவிட்டார்.

1915இல் தாய்நாடு திரும்பினார். 1919இல் மக்களை ஆயத்தப்படுத்தாமல் சட்டமறுப்புக்கு அழைத்தது தமது இமயமலையளவு பிழை என்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டு இயக்கத்தை நிறுத்தினார். பலர் எள்ளி நகையாடினர். பதினைந்து வயதில் தந்தையாருக்குக் கடிதம் எழுதிய அதே பிள்ளையை இங்கேயும் காண்கின்றோம். பிழை செய்யாதவன் என்று காட்டிக்கொள்பவனுக்கு எப்போதும் பயம்தான். பிழையைச் சொல்லித் திருத்திக்கொள்பவனுக்கு மறைக்க ஒன்றுமில்லை.

1927 நவம்பரில் அவர் இலங்கைக்கு வந்து, அம்மாத இறுதியில் எமது யாழ்ப்பாணத்துக்கும் வருகை தந்தார். கதருக்கு நிதி சேர்த்ததுடன், மதுவை ஒழிக்கும்படியும் தீண்டாமையைக் கைவிடும்படியும் எம்மவரைக் கேட்டுக்கொண்டார். கேட்பவர்களுக்குக் கசக்கும் என்று தெரிந்தும், விருந்தாளியாக வந்த இடத்தில் உண்மையைச் சொல்ல அவர் தயங்கவில்லை. 1930இல் அறுபது வயதில், எழுபத்தெட்டுப் பேருடன் தொடங்கி, ஏறக்குறைய 240 மைல் நடந்து தண்டிக் கடற்கரையில் உப்பெடுத்தார். அப்போதும் அவர் குரல் உயர்த்திப் பேசும் பேச்சாளர் அல்லர். மெல்லிய குரல், சில சொற்கள். கூச்சம் முழுவதும் தம்மை விட்டுப் போகவில்லை என்றும், அதனால் சொற்களை அளந்து பேசும் நன்மை கிடைத்தது என்றும் அவரே எழுதியிருக்கின்றார். 30.01.1948 அன்று மாலை டில்லியில் பிரார்த்தனைக்கு நடந்து போகும்போது சுடப்பட்டு மறைந்தார். ரம்பா சொல்லிக் கொடுத்த நாமம் எழுபத்தெட்டு வயது வரை அவருடன் இருந்தது.

நாம் செய்ய வேண்டியது

அன்பார்ந்த அடியார்களே, தன்னம்பிக்கை கடையில் வாங்கும் உடுப்பு அல்ல என்பதே இவ்வரலாறு தரும் பாடம். சிறு வாக்கைக் கொடுத்து அதனைக் காப்பதாலும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லிப் படிப்பதாலும், பிறர் கஷ்டத்தில் மனம் வைப்பதாலும், பிழையை ஒப்புக்கொள்வதாலும் அது துளித்துளியாகச் சேர்கின்றது. நேர்முகப் பரீட்சைக்குப் போகும் இளைஞர்கள் இதனை மனங்கொள்வார்களாக. பிள்ளைகளைப் பார்த்துப் பயந்தாங்கொள்ளி என்று மற்றவர்கள் முன் சொல்லும் பெற்றோரும் மனங்கொள்வார்களாக. ரம்பாவைப் போல ஒரு நல்ல பழக்கத்தைச் சொல்லிக் கொடுங்கள். காந்தியின் தந்தையாரைப் போல, உண்மையைச் சொல்லும் பிள்ளையை மன்னியுங்கள்.

இவ்வளவும் எழுதிய பின் ஒன்றை மறைத்தால் எழுதியதில் பயன் இல்லை. அன்று முன்வரிசையில் இருந்து சிரித்தவர்களுள் நானும் ஒருவன். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. ஆயினும் அந்தப் பிள்ளைக்கு அது தெரியுமா? இளமையில் நானே வாய் திறவாமல் நின்றவன் என்பது அந்த நேரத்தில் எனக்கு மறந்துபோயிற்று. இக்கட்டுரையை மலர்க் குழுவிடம் கொடுப்பதற்கு முதல் நாள் மாலை அப்பிள்ளையின் வீட்டுக்குச் சென்று, தாயார் முன்னிலையில் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன். வாசற்படியில் நின்று அந்த இரண்டு வசனத்தையும் சொல்லி முடிக்க எனக்கு எவ்வளவோ நேரம் எடுத்தது. பிள்ளை ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய்த் தேநீர் கொண்டுவந்து தந்தது.

வெள்ளிக்கிழமை மாலைப் பூசையில் பிள்ளைகள் நான்கைந்து பேர் சேர்ந்து, ஒலிவாங்கி இல்லாமல், மூலஸ்தானத்தைப் பார்த்தபடி தேவாரம் பாடுவதற்குப் பரிபாலன சபை ஒழுங்கு செய்துள்ளது. அங்கே சபையைப் பார்க்க வேண்டியதில்லை, பிள்ளையாரைப் பார்த்தாற் போதும். அவர் யாரையும் பார்த்துச் சிரிப்பவர் அல்லர். அந்தப் பிள்ளையும் ஒருநாள் வரும் என்று எதிர்பார்த்திருக்கின்றேன். வரும்போது நாம் எல்லோரும் அமைதியாக இருந்து கேட்போமாக.

எம்பெருமான் திருவருள் எல்லோருக்கும் கிட்டுவதாக.

சுபம்.